வரலாற்றில் இன்று - செப்டம்பர் 26: விசாரணையின்றி நாடு கடத்தப்பட்ட 'சுதேசாபிமானி' ஆசிரியர் ராமகிருஷ்ண பிள்ளை

நெய்யாற்றின்கரை, செப்டம்பர் 26: திருவிதாங்கூர் மன்னர் மூலம் திருநாள் ராமவர்மாவின் ஆணைப்படி, 1910-ஆம் ஆண்டு இதே நாளில் 'சுதேசாபிமானி' என்ற மலையாளச் செய்தித்தாள் தடை செய்யப்பட்டது. அதன் அச்சகம் பறிமுதல் செய்யப்பட்டது. அதன் ஆசிரியர் கே. ராமகிருஷ்ண பிள்ளை கைது செய்யப்பட்டு, சமஸ்தான எல்லைக்கு அப்பால் கொண்டு செல்லப்பட்டார். குற்றப்பத்திரிகை இல்லை, நீதிமன்ற விசாரணை இல்லை, மேல்முறையீட்டுக்கும் வழி இல்லை. அப்போது அவருக்கு வயது 32. அதன் பின்னர் ஐந்தரை ஆண்டுகளே உயிர் வாழ்ந்த அவர், பிறந்த ஊரான நெய்யாற்றின்கரையை மீண்டும் காணாமலேயே கண்ணூரில் காலமானார்.

உலக நாட்காட்டியில் செப்டம்பர் 26 பல வகையில் குறிக்கப்பட்டுள்ள நாள். 1820-இல் வங்கத்தின் சீர்திருத்தவாதி ஈஸ்வர சந்திர வித்யாசாகரும், 1888-இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் கவிஞர் டி. எஸ். எலியட்டும், 1932-இல் பிற்காலத்தில் இந்தியப் பிரதமரான மன்மோகன் சிங்கும் இந்த நாளில் பிறந்தனர். 1960-இல் கென்னடியும் நிக்சனும் சிகாகோவில் எதிரெதிரே நின்று வாதிட்ட முதலாவது அதிபர் தேர்தல் தொலைக்காட்சி விவாதமும் இதே நாளில்தான் நடந்தது. பத்திரிகைச் சுதந்திரத்தை உள்ளடக்கிய அரசியலமைப்புத் திருத்தங்களை அமெரிக்க நாடாளுமன்றம் ஏற்று மாநிலங்களின் ஒப்புதலுக்கு அனுப்பியது 1789 செப்டம்பர் 25 அன்று. அதற்கு 121 ஆண்டுகளும் ஒரு நாளும் கழிந்த பின், இந்தியாவின் தென்கோடியில் இருந்த ஒரு சமஸ்தானத்தில், ஒரு செய்தித்தாளை மூட மன்னரின் ஒரு கையொப்பமே போதுமானதாக இருந்தது.

நெய்யாற்றங்கரையில் பிறப்பு

திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் செல்லும் நெடுஞ்சாலையில், சுமார் 20 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது நெய்யாற்றின்கரை. அதே சாலையில் மேலும் தெற்கே சென்றால் பாறசாலை, அதனை அடுத்து களியக்காவிளை. இன்று பாறசாலை வரை கேரளம், களியக்காவிளை முதல் தமிழகம். இரு பக்கத்துச் சிற்றூர்களிலும் தமிழும் மலையாளமும் கலந்தே ஒலிக்கின்றன. ராமகிருஷ்ண பிள்ளையின் காலத்தில் இங்கு எல்லை என்று எதுவும் இல்லை. இரு பகுதிகளும் ஒரே சமஸ்தானத்தின் தாலுக்காக்களாக இருந்தன.

1878 மே 25 அன்று, நெய்யாற்றின்கரையை அடுத்த அதியன்னூரில் சக்கியம்மாவுக்கும் கோயில் அர்ச்சகர் நரசிம்மன் போற்றிக்கும் மகனாகப் பிறந்தார் ராமகிருஷ்ண பிள்ளை. நவீன திருவிதாங்கூரை நிறுவிய மார்த்தாண்ட வர்மா, எதிரிகளிடமிருந்து தப்பி நெய்யாற்றின்கரையில் ஒரு பலா மரத்தின் பொந்தில் ஒளிந்து உயிர் பிழைத்தார் என்பது இவ்வூரின் மரபுச் செய்தி. அந்த மரம் நின்ற இடம் கிருஷ்ணசுவாமி கோயில் வளாகத்தில் இன்றும் காட்டப்படுகிறது. அரச குலத்துக்கு அடைக்கலம் தந்ததாகப் பெருமை கொள்ளும் ஊரின் மகனையே அந்த அரச குலம் நாட்டை விட்டு வெளியேற்றியது என்பதை உள்ளூர் மக்கள் கவனிக்கத் தவறியதில்லை.

அவருடைய இளமைக்காலம் தாய்மாமனின் பொறுப்பில் கழிந்தது. மருமக்கள்தாய முறையில் குடும்பத்தின் அதிகாரம் தாய்மாமனிடமே இருந்தது. நாஞ்சில் நாட்டு வேளாளரிடையே வழங்கிய இதே முறையைத் தமிழ் வாசகர்கள் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளையின் 'மருமக்கள்வழி மான்மியம்' மூலம் அறிவார்கள். வழக்கறிஞரான மாமன் கேசவ பிள்ளை, மருமகன் படித்து அரசுப் பணியில் அமர வேண்டும் என்று விரும்பினார். நெய்யாற்றின்கரையில் தொடக்கக் கல்வியை முடித்து, 14 வயதில் மெட்ரிகுலேஷன் தேறி, திருவனந்தபுரத்தில் கல்லூரிப் படிப்பைத் தொடர்ந்த மருமகனின் மனமோ செய்தித்தாள்களின் மீதே இருந்தது. 21 வயதில், கல்லூரியில் பயின்றுகொண்டே 'கேரள தர்ப்பணம்' இதழின் ஆசிரியரானார். மாமனுக்கும் மருமகனுக்கும் இடையே விரிசல் ஏற்பட்டது. தொடர்ந்து 'கேரள பஞ்சிகா', 'மலையாளி' ஆகிய ஏடுகளிலும் அவர் பணியாற்றினார். எழுத்து கூர்மையாக இருந்த அளவுக்கு, உரிமையாளர்களுடன் ஒத்துப்போவது எளிதாக இல்லை. குறுக்கிடாத உரிமையாளர் ஒருவர் அவருக்குத் தேவைப்பட்டார்.

மௌலவியின் அச்சகம்

அத்தகைய உரிமையாளராக அமைந்தவர் வக்கம் அப்துல் காதர் மௌலவி. 1873-இல் பிறந்த இந்த இஸ்லாமியச் சீர்திருத்தவாதி, தம் சொந்தப் பணத்தில் வெளிநாட்டிலிருந்து அச்சு இயந்திரம் வரவழைத்து, 1905 ஜனவரி 19 அன்று 'சுதேசாபிமானி'யைத் தொடங்கினார். முதல் அச்சகம் அஞ்சுதெங்கில் இருந்தது. அந்தக் கடற்கரை ஊர் திருவிதாங்கூரால் சூழப்பட்டிருந்தபோதிலும் ஆங்கிலேயரின் ஆட்சிப் பகுதியாகும். முதல் ஆசிரியர் சி. பி. கோவிந்த பிள்ளை. 1906 ஜனவரியில் ராமகிருஷ்ண பிள்ளை ஆசிரியர் பொறுப்பை ஏற்றார். அலுவலகம் வக்கத்துக்கு மாறியது. 1907-இல் தலைநகர் திருவனந்தபுரத்துக்கே வந்தது. அரண்மனையும் செயலகமும் அமைந்த நகரில் இருந்துகொண்டே அவற்றை விமர்சிக்கும் ஏடாக அது மாறியது.

ஆசிரியர் எழுதுவதில் மௌலவி தலையிடவில்லை. எந்தச் செய்தியை வெளியிடலாம், எந்த அதிகாரியை விமர்சிக்கலாம் என்பதை முழுமையாக ஆசிரியரின் முடிவுக்கே விட்டிருந்தார். இந்திய இதழியல் வரலாற்றில் ஆசிரியர்களின் துணிவு அதிகம் பேசப்படுகிறது. அந்தத் துணிவுக்கு விலை கொடுத்த உரிமையாளர்கள் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. மௌலவி இழந்தது எவ்வளவு என்பது பின்னர் தெரிய வந்தது.

அரசு அலுவலகங்களில் லஞ்சம், பதவி நியமனங்களில் சலுகை, அரண்மனைக்கு நெருக்கமானவர்களின் செல்வாக்கு ஆகியவற்றை 'சுதேசாபிமானி' இதழ்தோறும் எழுதியது. மன்னருக்கு வேண்டியவராக இருந்த சங்கரன் தம்பி அதன் நிலையான இலக்குகளில் ஒருவர். மன்னர் மக்களின் பணத்துக்குக் காவலரே ஒழிய உரிமையாளர் அல்லர் என்ற கருத்தை ராமகிருஷ்ண பிள்ளை வெளிப்படையாக முன்வைத்தார். மன்னர் பத்மநாப சுவாமியின் தாசனாக இருந்து ஆள்பவர் என நம்பப்பட்ட நாட்டில், இக்கருத்து அரசியல் விமர்சனம் என்ற எல்லையைத் தாண்டியதாகவே கருதப்பட்டது. மக்கள் பிரதிநிதிகளைக் கொண்ட ஸ்ரீமூலம் பிரஜா சபைக்கு நெய்யாற்றின்கரை தாலுக்காவிலிருந்து அவர் தேர்வானபோதும், அவரை அரசு அவையில் அமர விடவில்லை.

திவான் ராஜகோபாலாச்சாரி

1907-இல் திருவிதாங்கூரின் திவானாகப் பொறுப்பேற்றார் பி. ராஜகோபாலாச்சாரி. தமிழ் வாசகர்கள் இவரைச் சக்கரவர்த்தி ராஜகோபாலாச்சாரியுடன் குழப்பிக்கொள்ளக் கூடாது. முன்பு கொச்சி சமஸ்தானத்தில் திவானாக இருந்தவர் இவர். 1920-இல் சென்னைச் சட்ட மேலவையின் முதல் தலைவரானவரும் இவரே. வெளியூர்த் தமிழ்ப் பிராமணர்கள் திருவிதாங்கூரின் உயர் பதவிகளைக் கைப்பற்றுகின்றனர் என்ற மனக்குறை அங்கு நெடுங்காலமாக இருந்தது. 1891-இல் மன்னரிடம் அளிக்கப்பட்ட 'மலையாளி மெமோரியல்' என்ற பெருமனு அதன் வெளிப்பாடாகும். ஆகவே ராமகிருஷ்ண பிள்ளையின் கட்டுரைகளை வாசித்தவர்களில் பலர், ஊழல் எதிர்ப்போடு அந்தப் பழைய மனக்குறையையும் சேர்த்தே வாசித்தனர். திவானின் நிர்வாகத்தைக் கண்டித்த கட்டுரைகள் நாளடைவில் அவருடைய தனிப்பட்ட ஒழுக்கத்தையும் தாக்கின. அந்தத் தாக்குதல்கள் அனைத்தும் நியாயமானவை என்று இன்றைய ஆய்வாளர்கள் எல்லோரும் ஒப்புவதில்லை.

அவருடைய வாழ்க்கையில் ஒரு கரும்புள்ளியும் உண்டு. தீண்டத்தகாதவர் என ஒதுக்கப்பட்ட சமூகங்களின் பிள்ளைகளை அரசுப் பள்ளிகளில் சேர்க்க வேண்டும் என்று திவான் ராஜகோபாலாச்சாரியின் நிர்வாகம் ஆணையிட்டபோது, ராமகிருஷ்ண பிள்ளை அதனை எதிர்த்தார். தலைமுறைகளாகக் கல்வி கற்றவர்களின் பிள்ளைகளையும் வயலில் உழைத்தவர்களின் பிள்ளைகளையும் ஒரே வகுப்பில் அமர்த்துவது பொருந்தாது என்று 1910-இல் அவர் தலையங்கம் எழுதினார். ஒரே நுகத்தில் பூட்டத்தகாத இரு விலங்குகளை அதற்கு உவமையாகவும் காட்டினார். பள்ளி வாசலைத் திறக்கக் கோரி, தம் மக்களை வயல் வேலையிலிருந்து விலகி நிற்கச் செய்து போராடிய அய்யன்காளி இதே நெய்யாற்றின்கரை தாலுக்காவின் வெங்ஙானூரில் பிறந்தவர். ஸ்ரீ நாராயண குரு 1888-இல் சிவலிங்கம் நிறுவி, கோயில் நிறுவும் உரிமை ஒரு சாதிக்கு மட்டும் உரியதல்ல என்று காட்டிய அருவிப்புறமும் இதே நெய்யாற்றின் கரையில் உள்ள ஊர்தான். இவை அனைத்தும் நிகழ்ந்த மண்ணில் பிறந்தவர், அரசனைக் கேள்வி கேட்ட அளவுக்குத் தம் சாதிப் பார்வையைக் கேள்வி கேட்கவில்லை. கேரளத்தில் அவரை நினைவுகூரும் கூட்டங்கள் ஒவ்வொன்றிலும் இந்த முரண்பாடு எழுப்பப்படுகிறது. எழுப்பப்பட வேண்டியதும்கூட.

கன்னி 10

கொல்லம் ஆண்டு 1086, கன்னி மாதம் 10-ஆம் நாள். திருவிதாங்கூர் வழக்கில் குறிக்கப்படும் இந்தத் தேதியே 1910 செப்டம்பர் 26. பொது அமைதியின் பெயரால் மன்னர் கையொப்பமிட்ட ஆணையுடன் காவல்துறையினர் 'சுதேசாபிமானி' அலுவலகத்துக்கு வந்தனர். அச்சு இயந்திரமும் பொருள்களும் கைப்பற்றப்பட்டு முத்திரையிடப்பட்டன. ஆசிரியர் கைது செய்யப்பட்டார். உரிமையாளர் மௌலவி நாடு கடத்தப்படவில்லை. ஆனால் அச்சகம் அவருக்குத் திருப்பித் தரப்படவில்லை, இழப்பீடும் வழங்கப்படவில்லை.

அதே 1910-ஆம் ஆண்டில் ஆங்கிலேய அரசு தன் நேரடி ஆட்சிப் பகுதிகளில் புதிய பத்திரிகைச் சட்டம் ஒன்றைக் கொண்டுவந்திருந்தது. அச்சக உரிமையாளர்களிடம் பிணைத்தொகை கேட்கவும், அரசுக்கு எதிராக எழுதினால் அதனைப் பறிமுதல் செய்யவும் அச்சட்டம் அதிகாரம் அளித்தது. கொடுமையான சட்டமாயினும் அதில் உயர் நீதிமன்றத்துக்குச் செல்ல ஒரு வழி இருந்தது. சமஸ்தானத்தில் மன்னரின் ஆணையே சட்டம்.

திருவனந்தபுரம் - நாகர்கோவில் ரயில் பாதை அப்போது இல்லை. அது போடப்பட்டது 1979-இல்தான். சமஸ்தானத்தின் தெற்கு எல்லையான ஆரல்வாய்மொழிக்குச் செல்லச் சாலை ஒன்றே வழி. அந்தச் சாலை நெய்யாற்றின்கரை, பாறசாலை, குழித்துறை, தக்கலை, நாகர்கோவில் வழியே செல்கிறது. நாடு கடத்தப்பட்டவரின் வழி, அவர் பிறந்த ஊரை ஊடுருவிச் சென்றது. எல்லை தாண்டி அவர் திருநெல்வேலியில் விடப்பட்டார். மீண்டும் திருவிதாங்கூருக்குள் நுழைந்தால் தண்டனை என்பது ஆணை. பின்னாளில் இந்த அனுபவத்தை 'என்றெ நாடுகடத்தல்' என்ற தலைப்பில் அவரே நூலாக எழுதினார்.

அவர் வந்து சேர்ந்த திருநெல்வேலியும் அமைதியான ஊராக இருக்கவில்லை. 1908-இல் வ. உ. சிதம்பரம் பிள்ளையும் சுப்பிரமணிய சிவாவும் கைதானபோது எழுந்த கிளர்ச்சியின் தழும்பு ஆறியிருக்கவில்லை. அம்மாவட்டத்தின் எட்டயபுரத்தில் பிறந்த சுப்பிரமணிய பாரதி, 'இந்தியா' இதழுக்கு எதிரான நடவடிக்கைகளால் புதுச்சேரியில் அடைக்கலம் புகுந்து இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. தமிழ்ப் பத்திரிகையாளர் பிரெஞ்சு ஆட்சிப் பகுதியில் ஒதுங்க, மலையாளப் பத்திரிகையாளர் சமஸ்தானத்திலிருந்து ஆங்கிலேய ஆட்சிப் பகுதிக்குத் தள்ளப்பட்டார். ஒருவருக்கு ஆபத்தான இடம் மற்றவருக்குப் புகலிடமாக அமைந்த காலம் அது. மற்றொரு ஒற்றுமையும் உண்டு. ராமகிருஷ்ண பிள்ளை நாடு கடத்தப்பட்ட இரண்டே மாதங்களில், கோவைச் சிறையிலிருந்த வ.உ.சி. கண்ணூர்ச் சிறைக்கு மாற்றப்பட்டார். பிற்காலத்தில் ராமகிருஷ்ண பிள்ளையின் இறுதி ஊராக அமைந்ததும் அதே கண்ணூர்தான். வ.உ.சி. 1912 டிசம்பரில் விடுதலையாகி வெளியேறிய பின்னரே இவர் அங்கு சென்றார்.

எழுத்தில் கழிந்த வனவாசம்

திருநெல்வேலியிலிருந்து சென்னை, பின்னர் பாலக்காடு, இறுதியில் கண்ணூர் என அவருடைய எஞ்சிய நாட்கள் இடம் மாறிக்கொண்டே கழிந்தன. பாலக்காட்டில் அவருக்கும் குடும்பத்துக்கும் தம் வீட்டில் இடமளித்தவர் எழுத்தாளர் தரவத்து அம்மாளு அம்மா. அரசனால் விரட்டப்பட்ட ஒருவருக்கு வெளிப்படையாக அடைக்கலம் தருவது அக்காலத்தில் எளிய செயல் அன்று.

கையில் அச்சகம் இல்லாத ஆசிரியர் நூல்கள் எழுதினார். 1912-இல் வெளியான 'விருத்தாந்த பத்திர பிரவர்த்தனம்' மலையாளத்தின் முதல் இதழியல் நூலாக மதிக்கப்படுகிறது. செய்தி சேகரிப்பது, தொகுப்பது, ஆசிரியரின் கடமை எனத் தொழிலின் கூறுகளை அது விளக்குகிறது. தொழில் செய்யத் தடை விதிக்கப்பட்டவர் அத்தொழிலுக்கான பாடநூலை எழுதியதில் ஒரு வகைப் பிடிவாதம் தெரிகிறது. அதே ஆண்டில் அவர் எழுதிய கார்ல் மார்க்ஸ் வாழ்க்கை வரலாறு, இந்திய மொழி ஒன்றில் மார்க்ஸ் பற்றி வெளிவந்த முதல் நூலாகக் கருதப்படுகிறது. ரஷ்யப் புரட்சிக்கு அப்போது இன்னும் ஐந்து ஆண்டுகள் இருந்தன. சாக்ரட்டீஸ், அமெரிக்காவின் அச்சுத் தொழிலாளியாகத் தொடங்கி அரசியல் மேதையாக உயர்ந்த பெஞ்சமின் பிராங்ளின், தென்னாப்பிரிக்காவில் போராடிக்கொண்டிருந்த காந்தி ஆகியோரைப் பற்றியும் அவர் எழுதினார். இந்தத் தேர்வுகளில் ஓர் ஒழுங்கு தென்படுகிறது. அதிகாரத்துடன் மோதியவர்களின் வாழ்க்கையே அவரைக் கவர்ந்தது.

இந்த ஆண்டுகளில் குடும்பத்தைத் தாங்கியவர் மனைவி பி. கல்யாணி அம்மா. முதல் மனைவியின் மறைவுக்குப் பின் ராமகிருஷ்ண பிள்ளை மணந்துகொண்ட இவர், கல்வி பயின்று ஆசிரியப் பணியாற்றியவர், எழுத்தாளரும்கூட. கணவருடன் அவரும் சொந்த நாட்டை விட்டு வெளியேறினார். கண்ணூரில் அவருக்குப் பள்ளி ஆசிரியர் வேலை கிடைத்ததால்தான் குடும்பம் 1915-இல் அங்கு குடியேறியது. அதற்குள் காசநோய் ராமகிருஷ்ண பிள்ளையின் உடலைக் கடுமையாகத் தாக்கியிருந்தது. 1916 மார்ச் 28 அன்று, 38 வயது நிறைவதற்கு இரண்டு மாதங்கள் இருக்கும்போது, அவர் காலமானார். கண்ணூரின் பய்யாம்பலம் கடற்கரையில் அவருடைய நினைவிடம் உள்ளது. நாடு கடத்தும் ஆணை அவர் இறக்கும் வரை திரும்பப் பெறப்படவில்லை.

கணவரின் மறைவுக்குப் பின் கல்யாணி அம்மா எழுதிய 'வியாழவட்ட ஸ்மரணகள்' மலையாளத் தன்வரலாற்று இலக்கியத்தின் தொடக்க நூல்களுள் ஒன்று. வியாழன் கோள் கதிரவனை ஒரு முறை சுற்றிவர ஏறத்தாழ 12 ஆண்டுகள் ஆகும். அவர்கள் இருவரும் சேர்ந்து வாழ்ந்த காலத்தின் அளவையே நூலின் பெயர் குறிக்கிறது. அரச ஆணைகளிலும் காவல்துறைக் குறிப்புகளிலும் காணக் கிடைக்காத ராமகிருஷ்ண பிள்ளையை, அதாவது நோயாளியாக, தந்தையாக, கடன்பட்டவராக வாழ்ந்த மனிதரை, வாசகர்கள் அறிவது அந்நூலின் வழியாகவே. கல்யாணி அம்மா 1959-இல் காலமானார்.

இடம் மாறிய எல்லை

விடுதலைக்குப் பின் சமஸ்தானம் மறைந்தது. மொழிவாரி மாநிலங்கள் அமைந்தபோது, தமிழ் பேசும் பகுதிகளைச் சென்னை மாகாணத்துடன் இணைக்கக் கோரிய திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரசின் பட்டியலில் நெய்யாற்றின்கரையும் இடம்பெற்றிருந்தது. 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுக்காக்கள் கன்னியாகுமரி மாவட்டமாகச் சென்னை மாநிலத்துடன் இணைந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே நின்றது. ராமகிருஷ்ண பிள்ளை கடத்திச் செல்லப்பட்ட ஆரல்வாய்மொழி எல்லை அன்றோடு இல்லாமல் போயிற்று. புதிய எல்லை அவருடைய சொந்த ஊருக்கு அருகிலேயே, பாறசாலைக்கும் களியக்காவிளைக்கும் இடையே விழுந்தது.

திருவனந்தபுரம் பாளையத்தில் அவருடைய சிலை 1957-இல் நிறுவப்பட்டது. அப்போதைய குடியரசுத் தலைவர் ராஜேந்திர பிரசாத் அதனைத் திறந்து வைத்தார். பத்திரிகையாளர்களுக்குக் கேரள அரசு வழங்கும் உயரிய விருது, அவருடைய இதழின் பெயரையும் கேசரி ஏ. பாலகிருஷ்ண பிள்ளையின் பெயரையும் இணைத்து 'சுதேசாபிமானி - கேசரி' விருது என வழங்கப்படுகிறது.

அச்சகத்தை இழந்த பின்னரும் வக்கம் மௌலவி ஓய்ந்துவிடவில்லை. 'தீபிகா' முதலிய இதழ்களை நடத்தினார். பெண் கல்விக்காகவும் சமூகச் சீர்திருத்தத்துக்காகவும் தொடர்ந்து உழைத்தார். நாடு கடத்தப்பட்ட தம் ஆசிரியரைப் பற்றி அவர் ஒருபோதும் குறை கூறியதில்லை. 1932-இல் அவர் காலமானபோதும் அச்சு இயந்திரம் அரசின் பிடியிலேயே இருந்தது. கேரள மாநிலம் உருவான பின்னரே அது அவருடைய குடும்பத்தாரிடம் திருப்பி அளிக்கப்பட்டது.